எங்க ஊர்ல எத்தனை பேர் இருந்தா காலை பஸ் திரும்ப வரும்?

கேட்டவர்: கம்மாக்கரை

எல்லாருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுது. பேரைப் போட வேண்டாம்னு ஊர்ப் பெரியவங்க சொன்னதால விட்டுட்டேன். மெயின் ரோட்டு விலக்குல இறங்கி உள்ள மூணரை கிலோமீட்டர் வரணும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவுல கம்மாக்கரை மேல ஒரு வளைவு, அதைத் தாண்டினா பிள்ளையார் கோயில். அதோட ரோடு முடிஞ்சுடும். எங்களுக்கு அந்தப் பக்கம் வேற ஊர் கிடையாது.

கொரோனாவுக்கு முன்னாடி நாலு நடை பஸ் வந்துச்சு. காலை 7.40, 10.20, மத்தியானம் 2.30, ராத்திரி 8.30. ராத்திரி வண்டி இங்கயே ஹால்ட். டிரைவரும் கண்டக்டரும் சத்துணவுக்கூடத் திண்ணையில படுத்து எந்திரிச்சு, காலையில 7.40-க்கு வண்டியை எடுப்பாங்க. 2020 மார்ச் ஊரடங்குல எல்லாம் நின்னுச்சு. திரும்ப விட்டப்போ 10.20-ம் 2.30-ம் மட்டும்தான் வந்துச்சு. காலை வண்டியும் ராத்திரி வண்டியும் போனது போனதுதான்.

என் மக ஒன்பதாவது படிக்கிறா. ஊர்ல நடுநிலைப் பள்ளி எட்டாவதோட சரி. மேல படிக்கிற பிள்ளைக மொத்தம் 14 பேர், அதுல 8 பேர் பொம்பளைப் பிள்ளைக. 9.15-க்குப் பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிடும். 10.20 பஸ்ஸை வெச்சு என்ன செய்ய? அதனால விலக்கு வரைக்கும் நடை. ஐப்பசி, கார்த்திகையில கம்மா நிறைஞ்சா அந்த வளைவுல முழங்கால் தண்ணி ஓடும். ஷூவை பிளாஸ்டிக் கவர்ல சுருட்டிப் பையில வெச்சுக்கிட்டு, விலக்குல இருக்கிற அடிபம்புல காலைக் கழுவி மாட்டிக்கிட்டு பஸ் ஏறுவா. சாயந்தரம் திரும்பி வர்றப்போ மழைக்காலத்துல ஆறு மணிக்கே இருட்டு. யாராவது ஒரு அம்மா டார்ச் லைட்டோட பாதி வழி போய் நிப்போம். முறை போட்டு வெச்சிருக்கோம்.

போன மாசம் ஆறு பொம்பளைங்க சேர்ந்து டிப்போவுக்குப் போனோம். அங்க இருந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசினார். ஆனா அவர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க ஊர்ல எத்தனை பேர்மா இருக்கீங்க?" எங்க ஆறு பேர்கிட்டயும் ஆறு பதில். வெக்கமாப் போச்சு. பக்கத்துல நின்ன ஒருத்தர், 500 பேர் இருந்தாத்தான் அரசாங்கம் பாக்கும்னு வேற சொன்னார்.

வீட்டுக்கு வந்து 2011 மக்கள்தொகைக் கணக்கை மகளை விட்டு போன்ல தேடச் சொன்னேன். மெயின் ரோட்டு மேல இருக்கிற தாய்க்கிராமம் பேர்ல 1,286-னு இருக்கு. எங்க ஊர் பேரே இல்ல. அதை விட மனசு வலிச்சது இன்னொரு பட்டியல். அதுல "பேருந்து வசதி: உண்டு"னு போட்டிருக்கு.

அதுக்கப்புறம் நானே ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போய் எண்ணினேன். மொத்தம் 74 கதவு. 27 பூட்டிக் கிடக்கு, சில வீட்டு வாசப்படியில கருவேலங்கன்னு இடுப்பு உயரம் நிக்குது. ஆள் இருக்கிற வீடு 47. இருக்கிற ஆள் 163. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், சவுதின்னு வெளிய இருந்துக்கிட்டு பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் வந்து போறவங்க 118. இந்த 118-ஐ சேக்கலாமா, கூடாதா? எந்த எண்ணைச் சொன்னா எங்க ஊரை ஊர்னு ஒத்துக்குவாங்க? யார்கிட்ட, எப்படிக் கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

———

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா, நீங்க நோட்டெடுத்து எண்ணினதுதான் இதுல பெரிய வேலை. நான் 1991, 2001, 2011 மூணு கணக்கெடுப்புலயும் வீடு வீடாப் போனவன், அதனால சொல்றேன்.

உங்க ஊர் பேர் ஏன் இல்லன்னா, மக்கள்தொகைக் கணக்கு வருவாய் கிராமத்தை வெச்சு வெளியிடுறது. 2011-ல ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் ஒண்ணு கொடுத்தாங்க. அதுக்குள்ள நாலு குக்கிராமம் இருந்தாலும் நாலும் ஒரே வரியில அடங்கிடும். அந்த 1,286-க்குள்ள நீங்களும் இருக்கீங்க, தனியாப் பிரிச்சுப் போடலை, அவ்வளவுதான். "பேருந்து வசதி: உண்டு"ங்கிறதும் அதே கதை. மெயின் ரோட்டுல பஸ் நிக்கிற தாய்க்கிராமத்துக்குப் போட்ட பதில் அது. வசதி இல்லாத ஊருக்கு, கிட்டத்துல எங்க கிடைக்கும்னு அ, ஆ, இ மாதிரி மூணே குறியீடு இருக்கும்: 5 கிலோமீட்டருக்குள்ள, 5-லிருந்து 10, பத்துக்கு மேல. எத்தனை மணிக்கு வருது, பள்ளிக்கூடத்துக்கு ஆகுமான்னு கேக்க அதுல கட்டமே கிடையாது.

118 பேர் விஷயம். 2011-ல பிப்ரவரி 9-லிருந்து 28 வரைக்கும் எண்ணினோம், மார்ச் 1-லிருந்து 5 வரைக்கும் இன்னொரு சுத்து போய்ச் சரிபார்த்தோம். அந்த நாட்கள் முழுக்க ஊர்ல இல்லாத ஆளை அந்த வீட்டுல எழுதக் கூடாது. எங்க இருக்காரோ அங்க எழுதணும். ஒரு வீட்டுல ஒரு அம்மா மோர் கொடுத்துட்டு, சிங்கப்பூர்ல இருக்கிற மகன் பேரை எழுதச் சொல்லிக் கேட்டாங்க. எழுத முடியாதும்மான்னேன். "சம்பளம் இந்த வீட்டுக்குத்தானே வருது, அவன் இந்த வீட்டு ஆள் இல்லையா சார்?"னாங்க. பேனாவை மூடிட்டு எந்திரிச்சு வந்தேன். இன்னைக்கும் அந்தத் திண்ணை ஞாபகம் இருக்கு. 2011-லயே தமிழ்நாட்டு ஜனத்துல 48.4 சதவீதம் நகரத்துலன்னு கணக்கு வந்துச்சு. உங்க பூட்டின வீட்டு ஆளுங்கள்ல பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பாங்க.

500 பேர்னு ஒருத்தர் சொன்னது ரோட்டுக்கான விதி, பஸ்ஸுக்கானது இல்ல. 2000 டிசம்பர் 25-ல ஆரம்பிச்ச பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல, சமவெளியில 500 பேர், மலையில 250 பேர் இருக்கிற குடியிருப்புக்கு இணைப்புச் சாலை போடலாம்னு வெச்சாங்க. 500 மீட்டர் சுத்தளவுக்குள்ள இருக்கிற குடியிருப்புகளைச் சேர்த்தும் கணக்குக் காட்டலாம். உங்களுக்குத்தான் தார் ரோடு இருக்கே. அந்த விதியைக் காட்டி உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

உங்க எண்ணுக்கு ஆதாரம் வேணும்னா மக்கள்தொகைப் புத்தகத்துல தேடாதீங்க. கிராம சுகாதார செவிலியர்கிட்ட குக்கிராமம் வாரியா பதிவேடு இருக்கும். அங்கன்வாடியில வீடு வீடா எடுத்த கணக்கு இருக்கும். வாக்காளர் பட்டியல்ல பாகத்துக்குள்ள ஊர், தெரு வாரியாப் பிரிச்சே இருக்கும். இந்த மூணையும் உங்க நோட்டோட ஒட்டிக் கொண்டு போங்க. 163-னே எழுதுங்க. 281-னு கூட்டி எழுதி, யாராவது ஒரு நாள் வந்து பாத்து பூட்டின வீட்டை எண்ணிட்டா, அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.

அடுத்த தலை எண்ணிக்கை 2027 பிப்ரவரியில. அதுக்கு முன்னாடி வீட்டுப் பட்டியல் எடுக்க வருவாங்க. வர்றவரைக் கடைசித் தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. மூணரை கிலோமீட்டர் உள்ள வந்து களைச்சுப் போன ஆளுக்கு, கோயிலுக்குப் பின்னால நாலு வீடு இருக்குன்னு யாராவது சொன்னாத்தான் தெரியும்.

———

பதில்: தேவிபட்டினம் தம்பி

தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்க பக்கமும் இதே பேச்சுதான், ஆனா இப்போ எல்லா வீட்டுலயும் டூவீலர் வந்துடுச்சு. பஸ் வந்தாலும் ஏற ஆள் இருக்காதுன்னு எங்க ஊர்ல விட்டுட்டாங்க. பிள்ளைகளை வண்டியிலேயே விலக்கு வரைக்கும் கொண்டு விட முறை போட்டா என்ன?

———

பதில்: கம்மாக்கரை

தம்பி, அதையும் எண்ணியாச்சு. 47 வீட்டுல வண்டி 26. அதுல 17 வண்டி விடிகாலையிலேயே ஆம்பளைங்களோட கொத்து வேலைக்கும் கரி மூட்டத்துக்கும் போயிடும். வண்டி ஓட்டத் தெரிஞ்ச பொம்பளைங்க மூணே பேர். மிச்சம் இருக்கிற வண்டியில 14 பிள்ளைகளை மும்மூணு பேரா ஏத்தி ஒரு மழை நாள் போனோம். அந்த வளைவுல வண்டி சறுக்கி ஒரு பிள்ளைக்கு முழங்கை எலும்பு விட்டுப்போச்சு. அன்னையோட நிறுத்திட்டோம்.

பிள்ளைக மட்டும் இல்ல. வாரா வாரம் சக்கரை மாத்திரைக்குப் போற கிழவிக இருக்காங்க. குண்டு மிளகாய் அறுப்பு சமயத்துல ரெண்டு மூட்டை மட்டும் வெச்சிருக்கவங்க சந்தைக்கு எதுல கொண்டு போவாங்க? ஆட்டோவுக்கு 250 கேக்குறாங்க. 10.20 வண்டியில போனா சந்தை பாதி முடிஞ்சிருக்கும், வந்த விலைக்குத் தள்ளிட்டு வரணும். இதெல்லாம் யார் நோட்டுலயும் ஏறாத கணக்கு.

———

பதில்: பழைய கண்டக்டர்

தங்கச்சி, 31 வருஷம் டிக்கெட் கிழிச்சவன் சொல்றேன், கேட்டுக்கோங்க. வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. ஆனா டிப்போவுல ஊர் ஜனத்தொகையை யாரும் பாக்கிறதில்ல. "எத்தனை பேர் இருக்கீங்க"ன்னு கேக்கிறது பேச்சை ஆரம்பிக்க. உள்ள பாக்கிறது ஒரே ஒரு கணக்கு: அந்த நடைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுது, எத்தனை டிக்கெட் விழுது.

அதனால ஒண்ணு சொல்றேன், ஊர்ல எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் சொல்லுங்க. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல உங்களுக்குக் காசில்ல. ஆனா டிக்கெட் உண்டு. காசில்லாத அந்தச் சீட்டை வெச்சுத்தான் எத்தனை மகளிர் ஏறினாங்கன்னு கணக்குப் போகுது. "சும்மாதானே, எதுக்கு"ன்னு வாங்காம இறங்கிட்டா, நீங்க அந்த வண்டியில ஏறவே இல்லன்னு அர்த்தம். உள்ளூர்க் கண்டக்டர் பழக்கத்துல விட்டாலும் கேட்டு வாங்குங்க. பஸ் பாஸ் வெச்சிருக்கிற பிள்ளைக மெஷின்ல ஏறாம விட்டுப்போறதும் உண்டு. 14 பிள்ளைக பேர், வகுப்பு, பாஸ் நம்பரோட தலைமை ஆசிரியர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி மனுவோட வையுங்க. அந்த ஒரு தாள் உங்க 163-ஐ விடப் பேசும்.

இன்னொண்ணு. "எங்க ஊருக்குப் புதுசா பஸ் விடுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. புது வண்டின்னா புது டிரைவர், புது கண்டக்டர், டீசல். அந்த மனு அப்படியே கட்டுல போயிடும். ஓடுற வண்டியில எங்க சும்மா நிக்கிற நேரம் இருக்குன்னு பாருங்க. காலையில உங்க தாய்க்கிராமத்துல வந்து திரும்புற வண்டி எது? எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்கு எடுக்குது? ரெண்டு நாள் நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ராத்திரி ஹால்ட்டை இப்போதைக்குக் கேக்காதீங்க. திண்ணையில படுக்கிற காலம் போச்சு. நான் சிவகங்கைப் பக்கம் ஒரு ஊர்ல ஆறு வருஷம் ஹால்ட் பாத்தேன். ரேஷன் கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம், ஒரு ஃபேன், ஒரு கக்கூஸ், வாளியில தண்ணி. ஊர்ல யாரோ ஒருத்தர் தினம் கொசுவத்தி கொளுத்தி வெச்சுட்டுப் போவாங்க, இன்னைக்கு வரைக்கும் அது யாருன்னு எனக்குத் தெரியாது. சுத்துப்பட்டுல எல்லா ஹால்ட்டும் போனப்புறமும் அந்த ஊர் வண்டி மட்டும் நின்னுச்சு. அந்த ரூமை முதல்ல தயார் பண்ணுங்க, அடுத்த வருஷம் கேளுங்க.

———

பதில்: மஞ்சள் பலகை

மினி பஸ்ஸும் ஒரு வழி. 2025 ஜூன் 16-ல தஞ்சாவூர்ல முதல்வர் தொடங்கி வெச்ச புதுத் திட்டத்துல, வழித்தடம் 25 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கலாம், அதுல 65 சதவீதமாவது பஸ் ஓடாத ரோடா இருக்கணும். ஆனா இது தனியார் எடுத்து ஓட்டுறது, ஒருத்தர் முன்வந்து விண்ணப்பம் போடணும். உங்க ரோட்டுல ரெண்டு நடை ஏற்கெனவே ஓடுறதால, மூணரை கிலோமீட்டரை மட்டும் வெச்சுக் கேக்காதீங்க. உங்களை மாதிரி விலக்குலேருந்து உள்ள இருக்கிற ரெண்டு மூணு ஊரைக் கோத்து ஒரு வழித்தடமா எழுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல கொடுங்க. நகல் ஒண்ணு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்துல. மனு நம்பர் வாங்காம வராதீங்க.

கிராம சபையிலயும் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, எது கிட்ட வருதோ அதுல. தீர்மான நோட்டுல ஊர் பேரைத் தனியா எழுதச் சொல்லுங்க, தாய்க்கிராமம் பேர்ல எழுதிட்டா திரும்பவும் நீங்க காணாமப் போயிடுவீங்க.

———

பதில்: கம்மாக்கரை

கண்டக்டர் அண்ணே, ரெண்டு நாள் இல்ல, ஒரு வாரம் நின்னு பாத்தோம். காலையில ஒரு வண்டி 7.15-க்கு விலக்கைத் தாண்டுது. 7.20-க்குத் தாய்க்கிராமம் போய் நிக்குது. திரும்ப எடுக்கிறது 7.45. அஞ்சு நாள்ல நாலு நாள் இதே நேரம். 25 நிமிஷம் சும்மாதான் நிக்குது.

———

பதில்: பழைய கண்டக்டர்

அதுதான் உங்க வண்டி, தங்கச்சி. 7.15-க்கு விலக்குல திரும்பி உள்ள வந்தா 7.24-க்கு உங்க பிள்ளையார் கோயில். ஏத்திக்கிட்டுத் திரும்பினா 7.35-க்கு விலக்கு, 7.40-க்குத் தாய்க்கிராமம். 7.45-க்கு வழக்கம் போல எடுக்கலாம். அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு நிமிஷம் கூடத் தாமதம் இல்ல, அதனால அங்கேருந்து எதிர்ப்பு வராது. டிப்போவுக்கு மேல்செலவு 7 கிலோமீட்டர் டீசல் மட்டும். மனுவுல இந்த நேரத்தை அப்படியே எழுதுங்க. "வழித்தட நீட்டிப்பு"ன்னு தலைப்பு போடுங்க, ஒரு மாசம் ஓட்டிப் பாருங்கன்னு கேளுங்க.

ஒரு விஷயம் மறந்துடாதீங்க. அந்த 25 நிமிஷத்துலதான் டிரைவர் இறங்கிக் காலை நீட்டி ஒரு டீ குடிப்பார். விடிகாலை நாலரைக்கு எந்திரிச்ச ஆள். அதை நீங்க எடுத்துக்கிறீங்க. முகம் சுளிச்சா கோவிச்சுக்காதீங்க.

———

பதில்: கம்மாக்கரை

ஏழு வாரம் கழிச்சு எழுதுறேன். மனு, நோட்டு, செவிலியர் அம்மா கையெழுத்து, தலைமை ஆசிரியர் கடிதம், நேர விவரம் எல்லாம் வெச்சு டிப்போவுல ஒண்ணு, கலெக்டர் ஆபீஸ்ல ஒண்ணு கொடுத்தோம். அதே அதிகாரிதான் இருந்தார். இந்தத் தடவை "எத்தனை பேர்"னு அவர் கேக்கிறதுக்குள்ள, "163 பேர் சார், காலையில ஏறப் போறது 22"ன்னு சொன்னேன். நேரம் எழுதின தாளை மட்டும் தனியா எடுத்து ரெண்டு தடவை படிச்சார். போன திங்கக்கிழமையிலேருந்து வண்டி உள்ள வருது. ஒரு மாசத்துக்குச் சோதனை ஓட்டம்னு சொல்லியிருக்காங்க.

முதல் நாள் 31 பேர் ஏறினாங்க, பாதிப் பேர் வண்டி வந்த சந்தோசத்துல சும்மா ஏறினவங்க. அப்புறம் 24, 21, 23. எல்லாரும் டிக்கெட் கேட்டு வாங்குறாங்க. ஒரு கிழவி அதைச் சுருட்டி வெத்தலைப் பையில பத்திரமா வெச்சிருக்கு.

டிரைவர் முதல் ரெண்டு நாள் பேசலை அண்ணே. நீங்க சொன்னது ஞாபகம் வந்து, கோயில்கிட்ட இருக்கிற வீடுக முறை வெச்சு ஃப்ளாஸ்க்ல டீ கொண்டு வந்து நீட்டுறோம். மூணாம் நாள், "சக்கரை கம்மியாப் போடுங்கம்மா"ன்னார்.

ஒரே கவலை. சோதனை மாசம் முடியறதுக்குள்ள அரைப் பரீட்சை லீவு வந்துடும். பிள்ளைக இல்லாத அந்த நாள்ல எட்டு, ஒம்பது டிக்கெட்தான் விழும். அதை வெச்சு நிறுத்திடுவாங்களா?

———

பதில்: பழைய கண்டக்டர்

இப்பவே போய், லீவு நாளை விட்டுட்டுக் கணக்குப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்துடுங்க. லீவு முடிஞ்சப்புறம் கேட்டா சமாதானம் சொல்ற மாதிரி இருக்கும். லீவுலயும் சந்தை நாள் வரும்ல, மிளகாய்க்காரங்க, ஆஸ்பத்திரி போறவங்க எல்லாரும் அந்த ஒரு நாளுக்கே சேர்ந்து கிளம்புற மாதிரி பாத்துக்கோங்க. டீயை மட்டும் லீவுலயும் நிறுத்திடாதீங்க.